கோட்டை விட்டா போச்சு!

ஆறு மில்லிமீட்டர்னா எவ்வளவு இருக்கும்? உங்க பென்சிலை எடுத்துப் பாருங்க. அதன் தடிமனே இதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.

2017-ஆம் வருஷ டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் ஏழாவது நாள். காலையில் த்ருவா நகரத்தில் கிளம்பி, 213.5 கிலோமீட்டர் மிதித்து, நுய்-சான்-ஜார்ஜ் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தது கூட்டம். கடைசியில் ரெண்டு பேர் ஒட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினார்கள். ஜெர்மனிக்காரர் மார்செல் கிட்டல், நார்வேக்காரர் எட்வால்ட் போவாசன் ஹாகன். யார் ஜெயித்தது? அவங்க ரெண்டு பேருக்குமே தெரியலை! போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, கிட்டல்தான் என்று அறிவித்தார்கள். வித்தியாசம் 6 மில்லிமீட்டர். நேரத்தில் சொன்னால், 0.0003 விநாடி.

213 கிலோமீட்டர் வியர்வை சிந்தி, பென்சில் தடிமன்ல தோத்துப்போறது எப்படி இருக்கும்? ஆனாலும் போவாசன் ஹாகன் யாரையும் இடிக்கவில்லை. கிட்டலும் யார் வழியையும் மறிக்கவில்லை. ரெண்டு பேரும் அவரவர் பாதையில், நேராக, உயிரைக் கொடுத்து மிதித்தார்கள். அதுதான் ஸ்பிரின்ட்.

அதே டூரில், அதற்கு மூணே நாள் முன்னாடி நடந்தது வேற கதை. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி, கடைசி 200 மீட்டரில் என்னதான் நடக்குது என்று பார்த்துடலாம்.

மனுஷ ரயில்!

சைக்கிள் மிதிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரே எதிரிதான். காற்று. எதிர்க்காற்றில் நீங்க மூச்சு வாங்க மிதிக்கும்போது, முன்னாடி ஒருத்தர் போனால் எவ்வளவு சுகமா இருக்கும்? புரொஃபஷனல் பந்தயம் முழுக்க இந்தச் சூட்சுமத்தில்தான் ஓடுது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம்.

அதனால் ஸ்பிரின்ட் ராஜாக்கள் தனியாக வர மாட்டார்கள். அவர்களுக்கு முன்னால் சொந்த அணிக்காரர்கள் நாலைந்து பேர் வரிசை கட்டிப் போவார்கள். பேரே 'ரயில்'தான். முதல் ஆள் முடிந்தவரை வேகமாக இழுத்துவிட்டு, களைத்ததும் ஓரமாக விலகுவார். அடுத்தவர் இழுப்பார். இப்படி ஒவ்வொரு பெட்டியாகக் கழன்றுகொண்டே வரும். கடைசிப் பெட்டி விலகும்போது கோட்டுக்கு இன்னும் 200 மீட்டர்தான் பாக்கி. அங்கே ராஜா வெளியே வருவார். அதுவரை மத்தவங்க முதுகுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தவர், தலையைக் குனிந்து ஒரே அமுக்கு! வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். அந்த 200 மீட்டர் பத்து விநாடிச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

1990-களில் இத்தாலியின் மாரியோ சிபோலினிக்காக சாயெக்கோ அணி ஓட்டிய சிவப்பு ரயில் ரொம்பப் பிரபலம். பிறகு பிரிட்டனின் மார்க் கேவெண்டிஷுக்கு ஹெச்.டி.சி. அணி ஓட்டிய ரயில். அந்த ரயில் கிளம்பிவிட்டால் மத்தவங்க ரெண்டாவது இடத்துக்குத்தான் சண்டை போடணும் என்பார்கள்.

கேட்க அழகா இருக்கு இல்ல? ஆனால் ஒரே தெருவில் ஒரு ரயில் மட்டும் ஓடினால்தானே! ஒரே நேரத்தில் ஆறு, ஏழு ரயில். போதாததற்கு, ஒட்டுமொத்தப் பட்டத்துக்குப் போட்டியிடுபவர்களும் பின்தங்கி நேரத்தை இழந்துவிடக் கூடாதே என்று முன்னால் முண்டுவார்கள். இந்த நெரிசலுக்காகவே ஒரு விதி இருக்கு. கடைசி 3 கிலோமீட்டருக்குள் கீழே விழுந்தால், எந்தக் கூட்டத்தோடு வந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும். இப்போது சில நாட்களில் இதை 5 கிலோமீட்டர் வரை நீட்டிக்கவும் அனுமதி உண்டு.

அத்தனை பேர் மேலேயும் இருக்கிற கவசம் என்ன? தலையில் ஒரு ஹெல்மெட். உடம்பில் மெல்லிசாக ஒரு துணி. அவ்வளவுதான் பாஸ்.

ஒரே ஒரு சட்டம்

இந்தக் கலவரத்தை அடக்கி வைத்திருப்பது ஒரு சின்ன விதி. சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஸ்பிரின்ட்டை ஆரம்பிக்கும்போது எந்தப் பாதையில் இருக்கிறாயோ, அதிலிருந்து விலகி அடுத்தவரை ஆபத்தில் தள்ளாதே. சுருக்கமாக, உன் கோட்டில் நீ போ.

படிக்க எவ்வளவு சுலபம்! ஆனால் ரோட்டில் ஓட்டப்பந்தய மைதானம் மாதிரி வெள்ளைக் கோடு போட்டிருக்காது. அந்தக் கோடு ஓட்டுகிறவரின் மனசுக்குள்தான் இருக்கு. முழு பலத்தோடு மிதிக்கும்போது சைக்கிள் இடமும் வலமும் ஆடும். முன்னால் இருப்பவர் ஒரு அடி விலகினால் பின்னால் வருபவரும் விலகித்தான் ஆகணும். இதில் எது இயல்பான ஆட்டம், எது வேணும்னே அடைத்தது? தீர்ப்பு சொல்பவர்களுக்குத் தலைவலியே இங்கேதான்.

வித்தெல்: முழங்கை சொன்ன கதை

2017 ஜூலை 4. டூரின் நாலாவது நாள். ஊர் வித்தெல்.

பீட்டர் சாகன், ஸ்லோவாக்கியாக்காரர். அப்போதைய உலக சாம்பியன். முந்தின நாள்தான் ஜெயித்திருந்தார். மார்க் கேவெண்டிஷ், அதுவரை டூரில் 30 நாள் ஜெயித்தவர். எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனையை எட்டிப் பிடிக்க இன்னும் நாலே நாலு வெற்றி.

கடைசி சில நூறு மீட்டர். சாகனுக்கும் வலது ஓரத் தடுப்புக்கும் நடுவே இருந்த சந்தில் கேவெண்டிஷ் நுழைந்தார். சாகன் வலது பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். சந்து சுருங்கியது. கேவெண்டிஷ் தடுப்பில் மோதி விழ, பின்னால் வந்த ஜான் டேகன்கோல்பும் பென் ஸ்விஃப்டும் அவர்மேல் போய் விழுந்தார்கள். கேவெண்டிஷுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அந்த வருஷ டூர் அதோடு முடிந்தது.

டி.வி.யில் எல்லோரும் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். சாகனின் வலது முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 'முழங்கையால் இடிச்சுத் தள்ளிட்டான்யா!' நடுவர்கள் முதலில் சாகனைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தயத்தை விட்டே வெளியேற்றினார்கள். உலக சாம்பியனுக்கு வீட்டுக்கு டிக்கெட்!

அப்புறம்தான் வேறு கோணங்களில் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். முழங்கை வெளியே வருவதற்கு முன்பே கேவெண்டிஷ் நிலை தடுமாறிவிட்டார் என்று பலருக்குத் தோன்றியது. சரியும் சைக்கிளைச் சமாளிக்க நீட்டிய கையா, இடிக்க நீட்டிய கையா? ஜெயித்த ஆர்னோ டெமாரே நேர்கோட்டில் போகலையே என்று கேட்டவர்களும் உண்டு. சாகனின் அணி விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனது. அதே வருஷம் டிசம்பரில் சமரசம். நடந்தது வேண்டுமென்றே செய்ததல்ல, துரதிர்ஷ்டவசமான பந்தய விபத்து என்று யு.சி.ஐ.யே ஒப்புக்கொண்டது. அடுத்த வருஷத்திலிருந்து பெரிய பந்தயங்களில் வீடியோவை மட்டுமே பார்க்க ஒரு நடுவர் வந்தார்.

நல்லதுதான். ஆனால் சாகனுக்கு அந்த டூர் திரும்பி வரலையே! 2012-லிருந்து 2016 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பச்சை ஜெர்ஸியை வென்றவர் அவர். அந்த வருஷம் மட்டும் விட்டுப்போச்சு. 2018-லும் 2019-லும் மறுபடி வென்றார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. விழுந்த கையோடு சாகன் கேவெண்டிஷைத் தேடிப் போய்ப் பேசினார். கேவெண்டிஷும் அவரை வில்லன் ஆக்கவில்லை. 'அந்த முழங்கை எதுக்குன்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்' என்கிற மாதிரிதான் பேசினார். இணையத்தில்தான் ரத்தம் கொதித்தது!

கட்டோவித்சே: தடுப்பு பறந்த நாள்

2020 ஆகஸ்ட் 5. டூர் ஆஃப் போலந்து, முதல் நாள். கட்டோவித்சே நகரம்.

இந்த ஊரில் முடிவுக்கோடு இறக்கத்தில் இருந்தது. சைக்கிள் தானாகவே பறக்கும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இப்படி இறக்கத்தில் முடிப்பது ஆபத்து என்று ஓட்டுபவர்கள் வருஷக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று முன்னால் ரெண்டு பேர். ரெண்டு பேருமே நெதர்லாந்துக்காரர்கள். டிலன் க்ரூனவேகன், ஃபேபியோ யாகப்சன். ஓரமாக ஏறி வந்த யாகப்சனைப் பார்த்து, க்ரூனவேகன் தன் கோட்டை விட்டார். தடுப்பை நோக்கி நகர்ந்து, சந்தை அடைத்தார். யாகப்சன் தடுப்பில் மோதினார். தடுப்புகள் தாங்கவில்லை. பிய்த்துக்கொண்டு பறந்தன. கோட்டருகே நின்றிருந்த பந்தய அலுவலர் ஒருவரும் பலத்த காயமடைந்தார்.

கோட்டை முதலில் தாண்டியவர் க்ரூனவேகன். ஆனால் அவரைத் தகுதிநீக்கம் செய்து, நினைவில்லாமல் கிடந்த யாகப்சனுக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

யாகப்சனை மருந்து கொடுத்து கோமாவில் வைத்தார்கள். முகத்தில் 130 தையல். பத்துப் பல் போச்சு. தாடையைச் சரிசெய்ய இடுப்பு எலும்பிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவருக்கு அப்போது வயசு 23.

க்ரூனவேகனுக்கு யு.சி.ஐ. ஒன்பது மாதத் தடை விதித்தது. யாகப்சனின் அணி மேலாளர் பேட்ரிக் லெஃபெவர், இவனை ஜெயிலில் போடணும் என்று ட்விட்டரில் கொந்தளித்தார். கொலை மிரட்டல்கள் வேறு. க்ரூனவேகன் வீட்டுக்கு போலீஸ் பாதுகாப்பு போட வேண்டிய நிலை. கோட்டை விட்டதற்கு அவர் பொறுப்புதான், அதை அவரே மறுக்கவில்லை. ஆனால் கைக்குழந்தையை எதிர்பார்த்திருந்த வீட்டுக்கு மிரட்டல் அனுப்புறது எந்த ஊர் நியாயம்?

பழைய பஞ்சாயத்துகள்!

இதெல்லாம் இப்பத்தான் ஆரம்பிச்சதுன்னு நினைச்சுடாதீங்க. பழைய ஃபைலைப் புரட்டினால்...

* 1988: பெல்ஜியத்தின் ரோன்ஸேயில் உலக சாம்பியன்ஷிப். சொந்த மண்ணில் ஜெயிக்கப் பாய்ந்தார் கிளாட் க்ரிக்கியெலியோன். கனடாவின் ஸ்டீவ் பாவரோடு உரசல், கீழே விழுந்தார். சந்தில் புகுந்து ஜெயித்தவர் இத்தாலியின் மவுரிசியோ ஃபோந்திரியஸ்ட்! பாவர் தகுதிநீக்கம். க்ரிக்கியெலியோன் அதோடு விடாமல் கோர்ட்டுக்குப் போனார். வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் அவருக்குத் தோல்விதான்.

* 1991: டூரின் கடைசி நாள், பாரிஸ். தாஷ்கண்ட்டைச் சேர்ந்த அப்துஜாபரோவ், யாரும் இடிக்காமலே ஓரத் தடுப்பின் காலில் மோதிப் பல்டி அடித்தார். கோட்டைத் தாண்டினால்தான் பச்சை ஜெர்ஸி. கைத்தாங்கலாக நடந்தே போய்த் தாண்டினார்!

* 1997: மரென் ஊரில் முடிந்த நாள். பெல்ஜியத்தின் டாம் ஸ்டீல்ஸ், ஸ்பிரின்ட் நடுவிலேயே தண்ணீர் பாட்டிலைத் தூக்கி ஃப்ரெடெரிக் மோன்காசன் மேல் வீசினார். மறுபேச்சில்லாமல் வெளியே!

* 2005: ஆஸ்திரேலியாவின் ராபி மெக்கீவன், சக ஆஸ்திரேலியரான ஸ்டூவர்ட் ஓ'கிராடி மேல் தலையைச் சாய்த்து முட்டியதாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டார்.

* 2010: கேவெண்டிஷின் ரயில் பெட்டி மார்க் ரென்ஷா, ஜூலியன் டீனைத் தலையால் முட்டினார். ஒரு தடவை இல்லை, மூணு தடவை! கேவெண்டிஷ் ஜெயித்தார், ரென்ஷா வீட்டுக்குப் போனார்.

தப்புக்கு தண்டனையா, விளைவுக்கு தண்டனையா?

இப்போ நிஜமான கேள்விக்கு வருவோம்.

2024 டூரின் ஆறாவது நாள், திஜோன். பெல்ஜியத்தின் யாஸ்பர் ஃபிலிப்சன் தன் கோட்டை விட்டு நகர்ந்து, வௌட் வான் ஆர்ட்டைத் தடுப்புப் பக்கம் நெருக்கினார். வான் ஆர்ட் மிதிப்பதை நிறுத்தித் தப்பித்தார். யாரும் விழவில்லை. ரெண்டாவதாக வந்த ஃபிலிப்சனைப் பின்னுக்குத் தள்ளியதோடு சரி. மறுநாள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. கட்டோவித்சேயில் நடந்ததும் கோட்டை விட்டதுதான். திஜோனில் நடந்ததும் கோட்டை விட்டதுதான். ஒருத்தருக்கு ஒன்பது மாதம், இன்னொருத்தருக்கு ஒரு நாளின் இடம். ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுன்னு சொல்ல வரலை. வேகம் வேற, நகர்ந்த விதம் வேற. ஆனால் தண்டனையின் அளவைத் தீர்மானித்ததில், எதிராளி விழுந்தாரா இல்லையா, தடுப்பு தாங்கியதா இல்லையா என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அதெல்லாம் ஓட்டுகிறவன் கையிலா இருக்கு?

'ஒருத்தன் சாகக் கிடந்தானே, சும்மா விட முடியுமா?' என்று நீங்க கேட்கலாம். நியாயம்தான். அடிபட்டவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டப் புத்தகத்தை மட்டும் படிக்க யாராலும் முடியாது. ஆனால் விழுந்தால் மட்டும்தான் பெரிய தண்டனை என்றால், ஓட்டுபவர்கள் என்ன கற்றுக்கொள்வார்கள்? 'அடைக்கலாம், ஆள் விழாம அடைக்கணும்' என்பதைத்தான்! இன்னைக்குத் தப்பிச்சவன் நாளைக்கும் அடைப்பான். ஒரு நாள், ஏதோ ஒரு இறக்கத்தில், எதிரே இருப்பவருக்கு பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

அதனால் தண்டனை செயலுக்குத்தான் வரணும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தடவையும் வரணும். இந்த வழியில்தான் யு.சி.ஐ.யும் இப்போது யோசிக்க ஆரம்பிச்சிருக்கு. ஃபுட்பால் மாதிரியே மஞ்சள் அட்டை! 2024 ஆகஸ்டில் வெள்ளோட்டம் விட்டு, 2025 ஜனவரியிலிருந்து முழுசாக அமல். நடுவர் ரோட்டில் ஓடிவந்து அட்டையைக் காட்ட மாட்டார். பந்தயம் முடிந்தபின் அறிக்கையில் பேர் வரும். ஒரே பந்தயத்தில் ரெண்டு அட்டை வாங்கினால் அந்தப் பந்தயத்திலிருந்து அவுட், கூடவே ஏழு நாள் தடை. 30 நாளில் மூணு வாங்கினால் 14 நாள் தடை. ஒரு வருஷத்தில் ஆறு என்றால் 30 நாள். யாரும் விழாவிட்டாலும் அட்டை உண்டு. தன் வேலை முடிந்ததும் கூட்டத்துக்கு நடுவே நிமிர்ந்து, கையைத் தூக்கிக் கொண்டாடி வேகத்தைக் குறைக்கும் ரயில் பெட்டிகளுக்கும் உண்டு. அணிக் கார் ஓட்டுகிறவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது.

இன்னொரு பாதி பாக்கி இருக்கு. இறக்கத்தில் முடிவுக்கோடு போட்டது யார்? தாங்காத தடுப்பை வைத்தது யார்? ஓட்டியவர் ஒன்பது மாதம் வீட்டில் உட்கார்ந்தார். கோடு போட்டவர்களை யாரும் அந்த அளவுக்குத் திட்டவில்லை. டி.வி.யில் அவங்க முழங்கை தெரியலையே! அந்த விபத்துக்குப் பிறகு முடிவிடங்களையும் தடுப்புகளையும் பற்றிப் புது விதிமுறைகள் வந்தது உண்மை. ஆனால் ஓட்டுபவர்கள் முன்னாடியே கத்தினபோது கேட்டிருக்கலாம்.

டென்மார்க்கில் ரெண்டு நாள்

கட்டோவித்சே கதை இறக்கத்திலேயே முடியலை.

யாகப்சன் 2021 ஏப்ரலில் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். அதே வருஷம் ஸ்பெயின் சுற்றுப்பந்தயமான வுவெல்டாவில் மூணு நாள் ஜெயித்து, பச்சை ஜெர்ஸியையும் வாங்கினார். க்ரூனவேகன் தடை முடிந்து, 2021 மே மாதம் இத்தாலியில் களம் இறங்கினார். நடுவில் ரெண்டு பேரும் நேரில் சந்தித்தார்கள். சினிமா என்றால் அங்கே கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டு 'சுபம்' போட்டிருப்பார்கள். நிஜத்தில் அப்படி நடக்கவில்லை. சந்திப்புக்குப் பிறகும் தன் மனக்குறை தீரவில்லை என்று யாகப்சன் வெளிப்படையாகவே சொன்னார். பத்துப் பல்லை இழந்தவருக்கு அந்த உரிமை உண்டு.

2022 ஜூலை. டூர் டி ஃபிரான்ஸ் அந்த வருஷம் டென்மார்க்கில் தொடங்கியது. ஜூலை 2, நீபோர். கூட்ட ஸ்பிரின்ட். ஜெயித்தவர் ஃபேபியோ யாகப்சன்! கோமாவில் கிடந்தவர், இரண்டே வருஷத்துக்குள் டூரில் முதல் வெற்றி. மறுநாள் ஜூலை 3, ஸெண்டர்போர். மறுபடியும் கூட்ட ஸ்பிரின்ட். ஜெயித்தவர்... டிலன் க்ரூனவேகன்!

அடுத்தடுத்த நாள். அதே ரெண்டு பேர். யார் கதாசிரியரோ தெரியலை, செம திரைக்கதை!

அந்த ரெண்டு நாளும் ரெண்டு பேரும் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே கூட்டத்தில், இன்னொருத்தர் தன் கோட்டில்தான் போவார் என்று நம்பித்தான் மிதித்தார்கள். அவங்க நண்பர்களா ஆகணும்னு அவசியம் இல்லை. அந்த நம்பிக்கை இருந்தால் போதும். அது இல்லாமல் ஸ்பிரின்ட்டே இல்லை.

அப்புறம், கேவெண்டிஷ் என்ன ஆனார்னு கேட்பீங்களே! வித்தெலில் தோள்பட்டை போனது. அடுத்த வருஷங்களில் உடம்பு படுத்தியது, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். 2021-ல் திரும்பி வந்து நாலு நாள் ஜெயித்து மெர்க்ஸின் 34-ஐத் தொட்டார். 2023-ல் மறுபடி விழுந்து காறை எலும்பு முறிந்தது. 2024 ஜூலை 3, சான்-வுல்பாஸ். 39 வயசில் 35-ஆவது வெற்றி. சாதனை இப்போது அவர் பேரில் தனியாக.

அடுத்த தடவை டி.வி.யில் ஸ்பிரின்ட் வந்தால், யார் முதலில் கோட்டைத் தாண்டுறாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. மேலேயிருந்து காட்டும் ரீப்ளே வரும். அதில் ஒவ்வொருத்தரும் எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கிறார் என்று பாருங்க. கோடு தெரியாது. ஆனால் அதில் நிற்கிறவர் யார், விடுகிறவர் யார் என்பது நல்லாவே தெரியும்!

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!